சேங்கொட்டைத் தழும்பு

"புட்டியில அடியில கெடந்த மருந்து எம்பொண்ணுக்கு, மேல இருந்தது உம்பையனுக்கு. நான் பாத்துக்கினுதான இருந்தன்—"

"நீ எங்க பாத்த? கைப்புள்ளைக்குப் பால் குடுத்துக்கினு செவுத்தப் பாத்து ஒக்காந்திருந்தவ—"

"பாத்தங்கறன். முன்னால ஓடிப்போயி நின்னுக்கினு—"

"வரிசைன்னா எவளோ ஒருத்தி முன்னால நிக்கத்தான் நிப்பா—"

"—அவுருக்கு மோர் வேற கலக்கிக் குடுத்து—"

"தாகம்னு கேட்ட மனுசனுக்கு மோர் குடுத்தன். அதுகூடவா உனக்குப் பத்திக்கினு எரியுது?"

இருவரும் வாயை நிறுத்தவில்லை. கையையும் நிறுத்தவில்லை. நடுவில் புளி குவிந்து கிடந்தது. மூத்தவள் பாஞ்சாலி ஓட்டை உடைத்து நாரை உருவித் தள்ளினாள். இளையவள் சென்னம்மாள் அதை வாங்கிக் கல்லின்மேல் வைத்து, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையைப் பிதுக்கினாள். ஒருத்தி கை நின்றால் மற்றவள் கையும் நின்றுபோகும். சண்டை முற்றினாலும் எழுந்து போக முடியாத வேலை.

மாசி வெயில். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலையைப் பார்க்க நடந்தால் இரண்டு மைலில் அவர்கள் கொட்டாய் வரும். ஊருக்குள் வீடு இல்லாமல் நிலத்திலேயே கூரை போட்டு இருந்துகொள்கிறவர்கள் அங்கே நிறைய. மாமனார் பெயரால் அதற்குக் கிருஷ்ணப்பன் கொட்டாய் என்று பேர். மாமியார் செத்து ஆறு வருஷம் ஆகிறது. நஞ்சப்பன், பச்சியப்பன் என்று இரண்டு மகன்கள், அவர்களுக்கு வந்த இரண்டு பெண்கள், ஒரே அடுப்பு. நஞ்சப்பன் பெண்டாட்டி பாஞ்சாலி. அவளுக்கு மூன்று வயசில் மாது என்ற ஒரே பையன். பச்சியப்பன் பெண்டாட்டி சென்னம்மாள். அவளுக்கு இரண்டரை வயசில் காவேரி, இடுப்பில் ஐந்து மாசத்துப் பையன்.

தை மாசம் ஊர் ஊராக ஊசி போடுகிற சர்க்கார் ஆள் அன்வர் பாஷா சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். சர்க்கார் பி.சி.ஜி. ஊசி, காச நோய்க்கு முன்கூட்டியே போடுவது. மாதுவுக்கு இடது தோளில் ஒன்று, காவேரிக்கு இடது தோளில் ஒன்று. போகும்போது சொன்னார்: "மூணு நாலு வாரம் கழிச்சுச் சின்னதா கட்டி கௌம்பும். அப்புறம் ஒடஞ்சு புண்ணாவும். பச்சிலை கிச்சிலை எதும் வெக்காதீங்கம்மா. புண்ணு வந்தா நல்லதுன்னு நெனச்சுக்குங்க. ஒடம்பு மருந்த எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம். சித்திரையில நானே வந்து தழும்பப் பாப்பன்."

மாதுவின் கையில் கட்டி கிளம்பியது, உடைந்தது, ஆறிக்கொண்டும் வருகிறது. காவேரியின் கையில் ஊசி போட்ட இடம் எது என்றே தெரியவில்லை.

மற்ற வீடாக இருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. இந்த வீட்டில் கிருஷ்ணப்பன் மாட்டுக்கொட்டகை ஓரம் கட்டிலில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். தருமபுரி ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துக் காசம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். தட்டு தனி, லோட்டா தனி, சாம்பல் போட்ட சட்டி தனி. தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளைக் கிட்டத்தில் விடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

"மாமா கட்டிலுக்கிட்டயே கெடக்குறது எம்பொண்ணு," என்றாள் சென்னம்மாள். சுத்தி கல்லில் விழுந்தது. "உம்பையன நீ எறக்கி வுடறதே இல்ல. யாருக்கு ஊசி எடுக்கணும்? சொல்லு. நாயம் எது?"

"ஊசிக்கு நாயம் தெரியுமா? அது ஒடம்பப் பாக்குது."

"எம்பொண்ணு ஒடம்புக்கு என்னா கொறச்சல்? காலப் பாரு. உம்பையன் காலு கோழிக்காலாட்டம் இக்குது. அவ காலு எப்பிடி மொழுமொழுன்னு இக்குது."

"காலு இக்கட்டும். மூஞ்சி சிரிச்சிப் பாத்தியா அது? எந்நேரமும் நொய்நொய்னு அழுவுது. மயிரு செம்பட்டை அடிச்சுப் போச்சு. அது சவலைடி. கைப்புள்ளைய வயித்துல வெச்சிருக்கறப்பவே அதுக்கு வயித்தெரிச்சல் ஆரமிச்சாச்சு. எரிஞ்சிக்கினே இருக்கற ஒடம்புல எந்த மருந்து தங்கும்?"

"வயித்தெரிச்சல் புடிச்சது எம்பொண்ணுக்கா?" சென்னம்மாள் சுத்தியைத் தரையில் வைத்தாள். "இந்த வூட்டுல எம்பையனப் பாத்து யாருக்கு வயிறு எரியுதுன்னு அடுப்புக்குக்கூடத் தெரியும்."

பாஞ்சாலி கை நின்றது. புளி ஓடு விரலுக்குள் நொறுங்கியது. மாதுவுக்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. இரண்டு முறை நாள் தள்ளிப்போய்க் கலைந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரில் போகும்போதெல்லாம் சென்னம்மாள் முந்தானையை இழுத்து அதன் முகத்தை மூடுவாள். மூடுவது பாஞ்சாலிக்குத் தெரியும் என்பதும் சென்னம்மாளுக்குத் தெரியும்.

"தட்டு," என்றாள் பாஞ்சாலி கடைசியில். "பொழுது போவுது."

*

தாய் மறுபடி முழுகாமல் இருந்தால் மடியில் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சவலை பாயும் என்பார்கள். பாயும் என்றுதான் சொல்வார்கள், தண்ணீர் பாய்கிற மாதிரி. வயிற்றில் இருக்கிற பிள்ளைமேல் மடியில் இருக்கிற பிள்ளைக்குப் பொறாமை, அதனால் அது தேய்ந்து போகிறது என்று நம்பிக்கை. சென்னம்மாளுக்கு நான்காம் மாசம் தெரிந்ததும் பால் கெட்டுப்போச்சு என்று அக்கம்பக்கத்துக் கொட்டாய்ப் பெண்கள் சொல்ல, காம்பில் வேப்பெண்ணெய் தடவிக் காவேரிக்குப் பாலை மறக்கடித்தாள். அப்போது குழந்தைக்கு ஒன்றரை வயசு. பையன் பிறந்த பிறகு, சவலைப் பிள்ளை பார்த்தால் கைப்பிள்ளைக்கு ஆகாது என்று அதைப் பக்கத்தில் சேர்க்காமல் பார்த்துக்கொண்டாள். கையில் மந்திரித்த கயிறு கட்டியாயிற்று. வேறு என்ன செய்வது?

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அவரைக்காடு காய்ந்தது. இருக்கிற அவரைக்கொட்டை குழம்பு ஆண்களின் தட்டுக்கே சரியாக இருந்தது. காவேரிக்குக் களி. தொட்டுக்கொள்ள, உப்பும் மிளகாயும் கிள்ளிப்போட்ட புளித்தண்ணீர். உருண்டையில் கால்வாசி தின்னும், மிச்சத்தை நாய்க்குப் போடும். "சவலைக்கு வாய் கட்டிப்போயிடும்," என்று யாரும் வற்புறுத்தவில்லை.

பாஞ்சாலி தன் அம்மா வீட்டிலிருந்து இரண்டு கோழி கொண்டுவந்திருந்தாள். முட்டை அவள் கையில். ஒன்று மாமனாருக்கு வெந்து போகும், ஒன்று மாதுவுக்கு. அதோடு அவன் இன்னும் பால் குடித்தான். மூன்று வயசில் நின்றுகொண்டே வந்து முந்தானையை இழுப்பான். மடியில் வறுத்த கடலை எப்போதும் இருக்கும்.

காவேரிக்கு முட்டை கிடைக்காமல் இல்லை. மாமனார் தன் முட்டையைப் பாதி கடித்துவிட்டு மிச்சத்தை அதன் வாயில் வைப்பார். சென்னம்மாள் இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, தண்ணீர் இறைக்கப் போகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பாஞ்சாலியிடம் போய்க் கேட்பதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

*

தட்டிய புளியை மூட்டை கட்டி நஞ்சப்பனும் பாஞ்சாலியும் வண்டியில் கடத்தூர் சந்தைக்குப் போன நாள். பச்சியப்பன் மலையடிவாரத்தில் யாரோ மரத்தில் புளி உலுக்கப் போயிருந்தான். காலையிலேயே பக்கத்துக் கொட்டாய்க்காரி ஒருத்தி மோர் வாங்க வந்தவள், மாதுவின் புண்ணைப் பார்த்துவிட்டு, "எங்க பேரனுக்கும் இப்பிடித்தான் எடுத்துக்கிச்சு. உம்பொண்ணுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். வண்டி ஏறிக்கொண்டிருந்த பாஞ்சாலி காதிலும் அது விழுந்தது. சிரித்தாள் என்று சென்னம்மாளுக்குப் பட்டது.

உச்சிப்பொழுதில் சென்னம்மாள் கூரை எரவாணத்தில் செருகியிருந்த துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே நாலைந்து சேங்கொட்டை. மாட்டுக் குளம்பில் புழு வைத்தால் சுட்டு வைக்க நஞ்சப்பன் வாங்கிப் போட்டது. வண்ணார் துணியில் குறி போடுவதும் அதன் பாலைத் தொட்டுத்தான். ஒரு சொட்டுத் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போடும், குறி லேசில் போகாது.

"காவேரி, இங்க வா. வெல்லம் தர்றன்."

குழந்தை மாட்டுக்கொட்டகையிலிருந்து மெல்ல வந்தது. நடக்கும்போது காலைப் பரப்பி வைத்தது.

"கையக் காட்டு. இந்தக் கை. அழுவக்கூடாது. அழுதா சாமி கண்ணக் குத்தும்."

ஊசியால் கொட்டையைக் குத்தி விளக்கில் காட்டினாள். எண்ணெய் கசிந்தது. மாதுவின் புண் எவ்வளவு அகலம் என்று அவளுக்கு மனப்பாடம். அதே அகலத்துக்குத் தொட்டு வைத்தாள்.

கொட்டகையிலிருந்து கிருஷ்ணப்பன் குரல் வந்தது. "புள்ள ஏன் அப்பிடிக் கத்துது?"

"வெல்லம் கேக்குது மாமா."

"குடுத்துத் தொலையேன்."

"குடுத்துட்டன் மாமா."

கொடுத்திருந்தாள். குழந்தை வெல்லத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தின்னாமல் அழுதது.

மூன்றாம் நாள் சென்னம்மாள் அடுப்படியில் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எம்பொண்ணுக்கும் எடுத்துக்கிச்சு. கொஞ்சம் லேட்டு."

பாஞ்சாலி களி கிளறிக்கொண்டிருந்தாள். துடுப்பை விட்டுவிட்டு வந்து குழந்தையின் தோளைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளத்தைச் சுற்றிக் கருப்பாகக் கரை கட்டியிருந்தது. எரவாணத்தைப் பார்த்தாள். முடிச்சு வேறு மாதிரி கட்டியிருந்தது.

"எடுத்துக்கிச்சா," என்றாள். "நல்லதாப் போச்சு."

போய்க் களி கிளறினாள். இரக்கப்பட்டுச் சும்மா விட்டவள் போலத்தான் வெளியே தெரிந்தது. ஆனால் தான் கண்டதை அவள் மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள், ஆகும் வேளைக்கு.

*

சித்திரையில் அன்வர் பாஷா வந்தார். தலையில் துண்டு, கேரியரில் பெட்டி, ஹேண்டில்பாரில் பிளாஸ்க். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேப்பமர நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நோட்டை எடுத்தார்.

"கிருஷ்ணப்பன் கொட்டாய், ரெண்டு புள்ளைங்க. கொண்டாங்கம்மா. இன்னும் நாலு கொட்டாய் பாக்கி."

பாஞ்சாலி மோர் கொண்டுவந்தாள். இந்த முறை சென்னம்மாளும் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். அவர் இரண்டையும் பார்த்தார். இரண்டையும் வாங்கிக் குடித்தார்.

மாதுவின் தோளைக் கட்டை விரலால் நீவினார். வெளுத்து, நடுவில் குழிந்து, சின்னக் காசு போல இருந்தது. "அருமையா எடுத்திருக்குது. ராஜா, ஓடு."

சென்னம்மாள் காவேரியைத் திருப்பி நிறுத்தி, கையைக் காட்டி, உடனே பாவாடைச் சட்டையைக் கீழே இழுத்தாள். "இதுக்கும் எடுத்துக்கிச்சுங்க. எழுதிக்குங்க."

அவர் பென்சிலை நோட்டில் வைத்தார். வெயிலில் கண் கூசிக்கொண்டிருந்தது. எழுதத் தொடங்கினார்.

"நல்லாப் பாத்துட்டு எழுதுங்க பாய்," என்றாள் பாஞ்சாலி.

சென்னம்மாள் அவளைப் பார்த்தாள்.

"அது ஊசித் தழும்பு இல்லிங்க. சேங்கொட்டை. அவளே வெச்சது."

"அக்கா."

"எம்பையனுக்கு வந்திட்டுதுன்னு பொறுக்காத, பெத்த பொண்ணச் சுட்டிருக்கா. கேளுங்க. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

இதைப் பாஞ்சாலி குழந்தைக்காகச் சொல்லவில்லை. வெளியாள் முன்னால் சென்னம்மாளின் முகம் சுருங்குவதைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தாள். ஆனால் நினைத்திருந்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

அன்வர் பாஷா நோட்டை மூடிவிட்டு மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தார். சட்டையை விலக்கிப் பார்த்தார். கருப்பு வளையத்தைத் தொடாமல் சுற்றி விரல் வைத்தார். திட்டுவார் என்று சென்னம்மாள் காத்திருந்தாள்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணுன?"

"எம்பொண்ணுக்கு மட்டும் ஏன் எடுக்கல?" அவள் குரல் உடையவில்லை, சண்டைக் குரலாகவே வந்தது. "நீங்க அடி மருந்தப் போட்டீங்க. அதான்."

"அடி மருந்து, மேல் மருந்துன்னு ஒண்ணு இல்லம்மா. ஒரே புட்டி, நல்லாக் கலக்கித்தான் எடுக்கறது."

"அப்பறம் ஏன்? நல்லாத்தான இக்குறா. காலப் பாருங்க, எம்மாங் கொழுப்பு."

அவர் காலைப் பார்த்தார். அதுவரை அவர் பார்த்திருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விரலை எடுத்தார்.

குழி விழுந்திருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. மூன்று பேரும் அது மேலே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. காவேரியும் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"இது கொழுப்பு இல்ல," என்றார் மெதுவாக. "தண்ணி. சரியான தீனி இல்லாத புள்ளைக்கு இப்பிடித்தான் கால்ல தண்ணி கோத்துக்கும். மயிரு செம்பட்டை ஆவறது, அழுவறது, எல்லாம் அதான்."

"சவலைங்க அது," என்றாள் சென்னம்மாள். "தம்பி மேல பொறாம."

"பொறாம இல்லம்மா. பசி."

"களி குடுக்கறமே. பானையில களி இல்லாத நாளு கெடையாதே."

"களி வயித்த ரொப்பும். தொட்டுக்க என்னா?"

பாஞ்சாலி சொன்னாள்: "புளித்தண்ணி."

"அதான். பால் நிறுத்துன நாள்லேர்ந்து அந்தப் புள்ள ஒடம்பு கட்டறதுக்கு ஒண்ணுமே உள்ள போவல. இதக் கேட்டுக்கம்மா. ஊசியில இருக்கறது சண்ட போடாது. இந்த மாதிரி ஒரு எதிரி வருவான், பாத்து வெச்சுக்கன்னு ஒடம்புக்குக் காட்டிக்குடுக்கறது, அவ்வளவுதான். பாத்துக்கினு எழுந்து நிக்கறது ஒடம்பு. அந்தப் புண்ணு ஒடம்பு எழுந்து நின்ன அடையாளம். இந்தப் புள்ள ஒடம்புல எழுந்திரிக்கத் தெம்பு இல்ல. அதுக்குக் காட்டியும் அது பாக்கல." நிறுத்தி, யோசித்துச் சொன்னார்: "எல்லாருக்கும் இப்பிடித்தான்னு சத்தியம் பண்ண மாட்டன். நல்லாத் தின்ன புள்ளைக்கே செலசமயம் எடுக்காது. ஆனா இந்தக் காலப் பாத்துட்டு வேற காரணம் தேட எனக்கு மனசு வரல."

"இன்னொரு ஊசி போட்டுருங்க," என்றாள் சென்னம்மாள். "இப்பவே. எத்தன வேணா போடுங்க."

"இப்பப் போட்டா அதும் வீணாப் போவலாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி டாக்டர்கிட்டக் காட்டு. சீட்டு எழுதித் தர்றன். தெனம் ஒரு முட்டை. அவரக்கொட்டையோ கொள்ளோ வேக வெச்சு நசுக்கிக் களியில கொழச்சுக் குடு. வறுத்த கடல இடிச்சுக் குடு. பால் கெடைச்சாக் குடு. கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு தரம். ஆடி கழிச்சு நான் வர்றன், அப்பப் போடறன்." கொட்டகைப் பக்கத்திலிருந்து இருமல் வந்தது. அவர் தலையைத் திருப்பினார். "புள்ள பெரியவருக்கிட்டப் போவுதா?"

இரண்டு பெண்களும் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

"போவுதா?"

"தாத்தா முட்ட குடுக்கும்," என்றாள் காவேரி. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது. "கடிச்சுக் குடுக்கும்."

அன்வர் பாஷா எழுந்தார். மண்ணைத் தட்டினார். இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"ஒரே அடுப்புத்தான இது?" என்றார். அதற்குமேல் கேட்காமல் சீட்டு எழுதினார்.

*

சைக்கிள் வரப்பு தாண்டும் வரைக்கும் இருவரும் நின்றார்கள்.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பன்," என்றாள் பாஞ்சாலி.

"கேக்கணுமா?"

"எங்கோழி."

"உங்கோழின்னுதான் கேக்கல." சென்னம்மாள் குழந்தையைத் தூக்கினாள். "சொன்னியே, வெளியாளுக்கு முன்னால. நெஞ்சு குளுந்துச்சா?"

"சொல்லாத வுட்டிருந்தா அவுரு எழுதிக்கினு போயிருப்பாரு. உம்பொண்ணுக்கு ஊசியே கெடையாது அப்பறம்."

"அதுக்காகவா சொன்ன?"

பாஞ்சாலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பொய் சொல்ல வரவில்லை. "எங்கிட்ட வுடு அவள," என்றாள். "ஆடி வரைக்கும். நீ கைப்புள்ளக்காரி. அஞ்சு தரம் ஆறு தரம்னு உனக்கு எங்க ஆவும்? மாதுவோட சேத்து ஊட்டிர்றன். எனக்குப் பால் இக்குது இன்னும். அவன் பாதிதான் குடிக்கிறான்."

"எம்பையனப் பாத்துப் பாத்து ஏங்குன. அவன் கெடைக்கல. இப்ப பொண்ணு வேணுமா உனக்கு?"

"சென்னா."

"எம்பொண்ண நான் பாத்துக்கறன்."

மறுநாள் பச்சியப்பன் பிள்ளையைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். டாக்டரும் தீனியைத்தான் சொன்னார், ஒரு புட்டி டானிக் கொடுத்தார். அன்றிலிருந்து கிருஷ்ணப்பன் கட்டிலைச் சுற்றி முள் வைத்த மாதிரி சென்னம்மாள் பிள்ளையைத் தடுத்தாள். பெரியவர் முட்டையை முழுசாகத் தின்னப் பழகினார். பாதியில் அவர் கை தானாக நீளும், பிறகு திரும்பும்.

சென்னம்மாள் அவரைக்கொட்டை வேக வைத்து நசுக்கினாள். இரண்டு நாள் செய்தாள். மூன்றாம் நாள் கைப்பிள்ளைக்குக் காய்ச்சல், நான்காம் நாள் புளி வாங்க ஆள் வந்தது. காவேரி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை பாஞ்சாலி கடலையை வாயில் மென்று மாவாக்கி அதற்கு ஊட்டுவதைச் சென்னம்மாள் கண்டாள். ஓடிவந்து குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள். "பெரிம்மா குடுத்தாத் தின்னுவியா? தின்னுவியா? துப்பு." குழந்தை துப்பியது. பாஞ்சாலி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். "அடிக்கணும்னா என்னைய அடி," என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

ஐந்தாறு நாள் கழிந்தது. சென்னம்மாள் கிணற்றிலிருந்து குடத்தோடு வந்தாள். வைக்கோல் போருக்குப் பின்னால் பேச்சுக் கேட்டது.

"நீ ஒரு வாயி. அவ ஒரு வாயி. டேய், அவளுதுல கை வெக்காத. உனக்கு நேத்து முழுசாக் குடுத்தனா இல்லியா?"

எட்டிப் பார்த்தாள். பாஞ்சாலி தரையில் உட்கார்ந்து, வெந்த முட்டையை இரண்டாகப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். காவேரியின் கன்னம் உப்பியிருந்தது. மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு மென்றது. அப்படி அது தின்று சென்னம்மாள் பார்த்ததில்லை.

குடத்துத் தண்ணீர் தளும்பிய சத்தத்தில் காவேரி கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். வாயிலிருந்த முட்டையைக் கையில் உமிழ்ந்து, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, பார்த்துக்கொள் என்று.

பாஞ்சாலி எழுந்திருக்கவில்லை. அடி விழும் என்று குழந்தைக்குக் குறுக்கே கையை நீட்டி வைத்தாள்.

சென்னம்மாள் குடத்தை இறக்கினாள். யாரையும் அடிக்கவில்லை. குழந்தை வாயைத் திறந்தபடியே நின்றது, மூடலாமா என்று தெரியாமல். அவள் திரும்பி, குடத்தை எடுக்காமலே வீட்டுக்குள் போனாள். அன்று பச்சியப்பன் குழம்பில் உப்பில்லை என்று சொன்னபோது உப்புச் சட்டியை அவன் முன்னால் தள்ளிவிட்டாள்.

விடிந்து, பாஞ்சாலி புளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து முதல் ஓட்டை உடைத்தபோது சென்னம்மாள் வந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. இன்னொரு கையில் காவேரி. தலை வாரி, முகம் கழுவி, மாற்றுப் பாவாடை கட்டிவிட்டிருந்தாள், திருவிழாவுக்கு அனுப்புகிற மாதிரி. கைப்பிள்ளையின் முகத்தை அன்று அவள் மூடவில்லை. காவேரியைக் கொண்டுவந்து பாஞ்சாலியின் மடி ஓரம் நிறுத்தினாள். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"போ," என்றாள். "ஒக்காரு. பெரிம்மா குடுத்தாத் தின்னு. நான் அடிக்க மாட்டன்."

காவேரி உட்கார்ந்தாள். பாஞ்சாலி புளிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மடியில் அது எப்படிப் பொருந்தி உட்கார்ந்தது என்று சென்னம்மாள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் இடத்தில் உட்கார்ந்து, சுத்தியை எடுத்து, கல்லைத் துடைத்தாள். தட்டவில்லை.

"முட்ட குடு. கடல குடு. உம்பாலுங் குடு, நான் ஒண்ணுஞ் சொல்லல," என்றாள் கல்லைப் பார்த்தபடி. "ஆனா உன்ன அம்மான்னு கூப்ட்டா மட்டும் திரும்பிப் பாக்காதக்கா."